பளிங்குக் கல் வேண்டாம், பாக்கியைத் தீருங்கள்

மேதகு ஆயர் அவர்களுக்கும், எங்கள் பங்குத்தந்தைக்கும், பங்குப்பேரவை, நிதிக்குழு உறுப்பினர்களுக்கும்,

நம் ஆலயத்தைத் திறந்து, மணி அடித்துக் கவனித்து வந்த கோயில்பிள்ளையின் மூத்த மகள் எழுதுகிறேன்.

அப்பா இறந்து முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த வாரத்தில் பங்குப்பேரவையின் கடிதம் அம்மாவின் பெயருக்கு வந்தது. அதில் இரண்டு தீர்மானங்கள். ஒன்று, 38 ஆண்டுகள் ஆலயத்துக்கு ஆற்றிய தன்னலமற்ற சேவையைப் போற்றி மணிக்கூண்டின் அடியில் அவர் பெயர் பொறித்த பளிங்குக் கல் பதிப்பது. மற்றது, கோயில்பிள்ளைக்கு என்று ஒதுக்கிய வீட்டை அவருடைய குடும்பத்தார் மாதக் கடைசிக்குள் காலி செய்து, வீட்டில் உள்ள ஆலயப் பொருள்களின் பட்டியலோடு சாவியை ஒப்படைப்பது. இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து, ஒரே முத்திரை.

அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. நான்தான் வாசித்துச் சொன்னேன். முதல் தீர்மானத்துக்குத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். இரண்டாவதை வாசித்து முடித்ததும், "கல்லு அவுகளுக்கு, தெரு நமக்காட்டி?" என்றாள்.

நீங்கள் கேட்ட பட்டியலை இங்கேயே தந்துவிடுகிறேன். கோயிலுக்குச் சொந்தம் என்று அந்த வீட்டில் இருப்பவை ஓர் ஏணி, சப்பரம் கட்டும் வடம், கிறிஸ்துமஸ் குடிலின் கால் ஒடிந்த ஆட்டுக்குட்டிகள் இரண்டு. ஆட்டுக்குட்டிகளை அப்பா ஒட்ட வைப்பதாக இருந்தார்.

பங்குத்தந்தையிடம் பேசப் போனேன். "ஆயர் இல்லத்தில் கேளுங்கம்மா, நான் முடிவு செய்யக்கூடிய விஷயம் இல்லை" என்றார். ஆயர் இல்லத்தில், "அது பங்கு நிர்வாகம், உங்கள் சாமியாரையே பாருங்கள்" என்றார்கள். யாருடைய பொறுப்பு என்று தெரியாத காரணத்தால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் மறைமாவட்டத்தின் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். எழுதினால் இது ஒரு சாமியார் மீதான புகாராகச் சுருங்கிவிடும். அவர் மாற்றலாகிப் போகும்போது புகாரும் பெட்டி கட்டிக்கொண்டு கூடவே போய்விடும்.

ஆயர் ஆண்டவரே, உறுதிபூசுதல் கொடுக்க நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தபோது கை கழுவத் தண்ணீர் ஊற்றிய ஒல்லியான மனிதர்தான் என் அப்பா. முகம் நினைவில்லாமல் போயிருக்கலாம். அதில் வருத்தமில்லை, அந்த வேலையே கண்ணில் படாமல் செய்ய வேண்டிய வேலை. கோயில்பிள்ளை என்றால் யார் என்று நகரத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். விடியலில் கோயிலைத் திறப்பவர். மூவேளை மணி அடிப்பவர். பூசைக்கு அப்பமும் திராட்சை இரசமும் எடுத்து வைத்து, தவக்காலத்துக்கு ஊதா, மறைசாட்சியர் நாளுக்குச் சிவப்பு, பொதுக்காலத்துக்குப் பச்சை என்று நாள் பார்த்துத் திருவுடையை மடிப்புக் கலையாமல் விரித்து வைப்பவர். பழைய குருத்தோலைகளைச் சேர்த்து எரித்துத் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் சலித்து வைப்பார். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் மணிக்கயிற்றைச் சுருட்டிக் கட்டிவிட்டு, உயிர்ப்புத் திருநாளின் பாஸ்கா இரவு வரை மரக்கட்டையைத் தட்டுவார். கொடிமரம் நடுவது, சப்பரத்துக்கு வாழை கட்டுவது, கழிவறை கழுவுவது, பங்குத்தந்தையின் நாய்க்குச் சோறு வைப்பது, எல்லாம் அந்த ஒரே சம்பளத்துக்குள் அடக்கம்.

1987இல், 25 வயதில், மாதம் 150 ரூபாயும் குடியிருக்க வீடும் என்று பேசிச் சேர்ந்தார். எழுத்தில் எதுவும் கிடையாது. 2025 ஆகஸ்டில் இறக்கும்போது வாங்கிக்கொண்டிருந்தது 7,500 ரூபாய்.

அவர் நல்லவர் என்று அடக்கப் பூசையில் எல்லோரும் சொன்னீர்கள். எப்படி நல்லவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் சாவு மணி ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு ஒரு விதம், குழந்தைக்கு ஒரு விதம். இறந்த செய்தியைப் போனில் சொன்னால் அப்பா மணி அடிக்க மாட்டார். நடுராத்திரியானாலும் துக்க வீட்டுக்கு நேரில் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஞானஸ்நானப் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்துதான் கயிற்றைத் தொடுவார். அவருக்கு முந்தியவர் காலத்தில் பெயர்க் குழப்பத்தில் உயிரோடிருந்த ஒரு மனிதருக்கு மணி அடித்துவிட்டார்களாம். அந்த மனிதர் அதன் பிறகு பல வருஷம் திடமாக வாழ்ந்து, அதைச் சொல்லிச் சொல்லியே ஊர்க் கமிட்டியை ஓட ஓட விரட்டினாராம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் அவர் துக்க வீட்டுக்குப் போனதற்கு அது மட்டும் காரணமில்லை. "மணி அடிச்சப்புறம் எல்லாரும் வந்துருவாங்க. அதுக்கு முந்தி ஒரு ஆளாவது வரணும்லா" என்பார்.

ஒருமுறை பக்கத்துத் தெருவில் ஒரு பெண்பிள்ளை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டது. அப்படிப்பட்ட சாவுக்கு மணி கிடையாது, பூசை கிடையாது என்று பெரியவர்கள் சிலர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தடை பழைய சட்டத்தில் இருந்தது, 1983இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பில் கிடையாது என்று முன்னாள் பங்குத்தந்தை ஒருவரிடம் அப்பா கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். வாக்குவாதம் செய்யவில்லை. அப்போதைய சாமியாரிடம் போய் அதைச் சொன்னார், சாமியார் சரி என்றார், மணி ஒலித்தது. திருச்சபைச் சட்டத்தில் அப்பாவுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அதே தொகுப்பில் தமக்கும் இரண்டு இடங்களில் எழுதி வைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

திருவுடை அறை மேசையின் கீழ் இழுப்பறை அவருடையது. அதில் மஞ்சள் கயிறு, ஊக்கு, தீப்பெட்டி, தலைவலி மாத்திரை, குழந்தைகளுக்குக் கல்கண்டு எல்லாம் இருக்கும். தாலிக்கயிற்றை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்து கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால் வெளிறி நின்ற மாப்பிள்ளை வீட்டார் எத்தனையோ பேர். ஒருவரையும் அவர் காட்டிக்கொடுத்ததில்லை. பெயர்களை எங்களிடம்கூடச் சொன்னதில்லை. அடுத்த இழுப்பறையில் ஒரு நோட்டு. கோயிலில் கண்டெடுத்த பொருள்களின் கணக்கு அது. கம்மல், கண்ணாடி, கைக்குட்டையில் முடிந்த இருபது ரூபாய், ஒற்றைக் கொலுசு என்று எழுதி, பக்கத்தில் வாங்கிக்கொண்டவரின் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு. அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. இது ஆலயப் பொருள் என்றால் சொல்லுங்கள், நகல் எடுத்துக்கொண்டு தருகிறேன்.

வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்போலத் தோன்றும். ஆனால் அதற்குள்தான் நீங்கள் கணக்கில் வைக்காத நேரம் இருக்கிறது. நாலு மணிக்கு எழுந்து அம்மாவுக்குக் கட்டங்காப்பி போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் கோயிலைத் திறக்கப் போவார். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்பது ஊர் சாப்பிட்டு முடித்த பிறகு தொடங்கும் நாள். நள்ளிரவுப் பூசை, விடியல் பூசை, காலைப் பூசை, பிறகு கூட்டிப் பெருக்குதல், பிறகு குடில் பார்க்க வரும் கூட்டம். அவர் வந்து உட்காரும்வரை அம்மா கறிச்சட்டியை இறக்க மாட்டாள். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு, ஆகஸ்ட் 29க்கு, எங்களைக் கூட்டிப்போவதாக நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மாற்று ஆள் இல்லை என்று ஒவ்வொரு பங்குத்தந்தையும் சொன்னார்கள். கடைசியில் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களோடு போய்வந்தாள். அவருக்கு எண்ணெயும் உப்பும் வந்தன. வார ஓய்வு என்று ஒன்று இருப்பதாகவே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஓய்வு நாளைப் பரிசுத்தமாக அனுசரிக்கச் சொல்லும் இடத்தில்தான் அவர் வேலை பார்த்தார்.

இனி உங்களுக்குக் கசப்பானவை.

2009இல் மாதா சுரூபத்தின் வெள்ளிக் கிரீடம் காணவில்லை என்று அப்பாவைக் கமிட்டியின் முன் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்து அரிசிப் பானையைக்கூடப் பார்த்தார்கள். கிரீடம் பிறகு முன்னாள் பொருளாளர் வீட்டு இரும்புப் பெட்டியில், அவரே பத்திரத்துக்கு என்று வாங்கி வைத்து மறந்துபோன துண்டுச் சுருளில் கிடைத்தது. "கிடைச்சிட்டுல்லா, விடுங்க" என்றார்கள். அப்பாவும் விட்டுவிட்டார். நான் விடவில்லை, ஆனால் இன்று அதற்காக எழுதவில்லை.

2014இல் என் தம்பியின் படிப்புச் செலவுக்காக மாதம் 500 ரூபாய் கூட்டித் தரக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினார். 'அவர் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை' என்று பேரவையில் ஒருவர் சொன்னாராம். கேட்டார். நகல் இருக்கிறது, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் இருக்கிறது. திருவிழா முடியட்டும் என்றீர்கள். அந்தத் திருவிழா முடிந்தது, அதற்குப் பின் எத்தனையோ திருவிழாக்களும் முடிந்தன. ஒருமுறைக்கு மேல் அவர் கேட்கவில்லை என்பது உண்மைதான். குடியிருக்கும் வீடும் கையில் வாங்கும் கூலியும் ஒரே ஆளின் தயவில் இருக்கும்போது இரண்டாவது முறை கேட்கத் துணிச்சல் வராது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. கோயில்கள் மக்களுக்கு அடைத்தன. பங்குத்தந்தை தனியாகப் பூசை வைத்தார், அப்பா ஒருவர்தான் பதில் சொன்னார். மூன்று வேளை மணியும் நிற்கவில்லை. உண்டியல் இல்லை என்று சொல்லி ஏப்ரலில் இருந்து 5,000 ரூபாய்ச் சம்பளத்தைப் பாதியாக்கினீர்கள். செப்டம்பரில் வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அரசு அனுமதித்து உண்டியலும் திரும்பி வந்தது. சம்பளம் மட்டும் அடுத்த மார்ச் வரை பாதியாகவே இருந்தது. கழித்ததைத் திருப்பித் தரவும் இல்லை. அந்த 12 மாதத்தில் பிடித்தது 30,000 ரூபாய்.

தேவாலயங்களில் மறைக்கல்வி சொல்லித் தரும் உபதேசியார்களுக்கும் பணியாளர்களுக்கும் தமிழக அரசு நலவாரியம் ஒன்றை அமைத்திருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கும், உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கும் உதவி உண்டு. விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்து கொடுத்தேன். பங்கு தரவேண்டியது ஒரு சான்று, ஒரு கையொப்பம். "பணியாளர் என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்குப் பிரச்சினை வரும்" என்று நிதிக்குழுவில் ஒருவர் பயந்தாராம். விண்ணப்பம் அலுவலக மேசையிலேயே இருந்தது. அப்பா வாரியத்தில் சேராமலே போய்விட்டார். பங்குக்குப் பணமே செலவில்லாத ஓர் உதவியைக்கூட அவருக்குக் கிடைக்கவிடவில்லை. என் மனதில் ஆறாமல் இருப்பது இதுதான்.

இப்போது நீங்கள் சொல்லும் பதிலுக்கு வருகிறேன். அவர் செய்தது சேவை, வாங்கியது மதிப்பூதியம், ஆகவே கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை, பாக்கி என்ற பேச்சே எழாது என்கிறீர்கள்.

இதே பதிலை இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 1993இலேயே கேட்டிருக்கிறது. பள்ளிவாசல் இமாம்களின் அமைப்பு தொடுத்த வழக்கில், தொழுகை நடத்துவது தன்னார்வ மார்க்கப் பணி, அதற்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. வக்பு பள்ளிவாசல்களின் இமாம்களுக்கு ஊதியம் பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தாது என்று உங்கள் வழக்கறிஞர் சொல்வார். அப்பா இறந்தபோது நடப்பில் இருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான், ஒற்றைக் கோயில்பிள்ளை அதற்குள் வரமாட்டார் என்பார். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், அந்த வாதம் எங்கே போகும் என்று எனக்கும் தெரியும். ஆகவே நாட்டுச் சட்டத்தை விடுகிறேன். உங்கள் சட்டத்துக்கே வருவோம்.

திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 231, இரண்டாம் பகுதி. திருச்சபையின் பணிக்குத் தங்களை ஒப்புக்கொடுத்த, குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்குத் தங்கள் தேவையையும் குடும்பத்தின் தேவையையும் கண்ணியமாக நிறைவேற்றப் போதுமான ஊதியம் பெறும் உரிமை உண்டு, சமூகப் பாதுகாப்பும் மருத்துவ உதவியும் பெறும் உரிமையும் உண்டு என்கிறது. எண் 1286, சொத்துகளை நிர்வகிப்பவர்களுக்கானது. வேலைக்கு ஆள் வைக்கும்போது நாட்டின் தொழிலாளர் சட்டங்களையும் திருச்சபை போதிக்கும் நெறிகளையும் கவனமாகப் பின்பற்ற வேண்டும், வேலையாள் தன்னையும் தன்னை நம்பியிருப்பவர்களையும் காப்பாற்றும் அளவுக்கு நியாயமான கூலி தரவேண்டும் என்கிறது. பத்துப் பேர் கணக்கு அங்கே இல்லை. அதைத் தளர்த்தும் அதிகாரம் பங்குப்பேரவைக்கு எங்கே இருக்கிறது என்று காட்டினால் தெரிந்துகொள்வேன்.

எங்கள் பங்குத் திருவிழா மே 1, தொழிலாளரான புனித சூசையப்பர் நாள். திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் (பயஸ்) 1955இல் ஏற்படுத்திய திருநாள் என்று வருஷந்தோறும் பிரசங்கத்தில் சொல்கிறீர்கள். 2025 மே மாதம் புதிய திருத்தந்தை 14ஆம் லெயோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டபோது, 1891இல் தொழிலாளர் உரிமைக்காக ரேரும் நோவாரும் சுற்றுமடலை எழுதிய 13ஆம் லெயோவை நினைத்தே அந்தப் பெயர் என்று ஞாயிறு பூசையில் விளக்கினீர்கள். நல்ல பிரசங்கம். தொழிலாளிக்குரிய கூலியைப் பிடித்து வைப்பது வானத்தை நோக்கிப் பழி கேட்டுக் கூக்குரலிடும் பாவம் என்று அந்தச் சுற்றுமடல் சொல்கிறது, அதையும் சொன்னீர்கள். விவிலியத்தில் அதே கூக்குரலைச் சொல்லும் யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தையும் வாசித்தீர்கள். அப்பா அன்று கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "சாமி இன்னைக்கு நல்லா பேசினாரு" என்றார். அந்தப் பிரசங்கத்துக்கும் தனக்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். வரவு செலவை நீங்களே அச்சடித்துக் கொடுக்கிறீர்கள், நான் வாசிக்கிறேன். இந்த ஆண்டுத் திருவிழாவில் வாணவேடிக்கை, ஒளி அமைப்பு, இன்னிசைக் கச்சேரி மூன்றுக்கும் சேர்த்து 3,20,000 ரூபாய். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பிணியாளர் நிதியிலிருந்து வந்தது 2,000. அவர் இறந்த பின் வாங்கியிருக்கும் தானியங்கி மணிக்கு, ஒலிபெருக்கிகளோடு சேர்த்து, 1,40,000. மணி தானாக அடிக்கும், கோயில்பிள்ளை இனித் தேவையில்லை, வீட்டை இடித்து வாகனக் கொட்டகை போடலாம் என்பது திட்டம். பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கும்தான். துக்க வீட்டுக்கு முதல் ஆளாக யாரை அனுப்பப் போகிறீர்கள் என்பதையும் அடுத்த கூட்டத்தில் பேசி வையுங்கள்.

உங்களிடம் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அடக்கப் பூசைக்கு மூன்று சாமியார்கள் வந்தார்கள். ஆயர் இரங்கல் செய்தி அனுப்பினீர்கள். பங்கின் அன்பியக் குழுப் பெண்கள் ஒரு வாரம் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடவில்லை. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையார் சவப்பெட்டிக்குப் பணம் கொடுத்தார்கள், அம்மா அதைத் திருப்பிக் கொடுத்தபோது வருத்தப்பட்டார்கள். ஏழைக்கு உதவுவது எப்படி என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களிடம் வேலை பார்த்தவருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதுதான் உங்களுக்கு உறைக்கவில்லை. அப்பா தர்மம் வாங்கும் நிலையில் இருந்தவர் அல்ல. உரியதைக் கொடுத்திருந்தால் தர்மமே தேவைப்பட்டிருக்காது.

அவருடைய நல்ல குணம் உங்களுக்கு வசதியாக இருந்தது. கேட்காதவர், முகம் சுளிக்காதவர், கூப்பிட்டால் சாப்பாட்டுத் தட்டில் கை கழுவிவிட்டு வருபவர். அந்தக் குணத்துக்குத்தான் இப்போது கல் வைக்கிறீர்கள்.

அடக்கத்துக்குச் சுற்றுவட்டாரப் பங்குகளின் கோயில்பிள்ளைகள் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தின் பின்வரிசையில் ஒன்றாக நின்றார்கள். எல்லாம் முடிந்த பின் அவர்களோடு பேசினேன். ஒருவருக்கு மாதம் 4,000. ஒருவர் கோயில் வேலையோடு பகலில் செங்கல் சூளைக்கும் போகிறார். கணவர் இறந்த பின் அதே வேலையைத் தொடரும் ஓர் அம்மாவுக்குக் கணவருக்குக் கொடுத்ததில் பாதி. நியமனக் கடிதம் ஒருவரிடமும் இல்லை. நான் இதை எழுதப் போகிறேன் என்றபோது, "எங்க பேரப் போட்டுராதம்மா" என்றார்கள்.

என் கோரிக்கைகள் இவை.

வீட்டைக் காலி செய்யும் தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். அந்த வீடு எங்களுக்குச் சொந்தம் என்று நான் சொல்லவில்லை. கணக்குத் தீர்ந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் கொடுங்கள், அம்மாவை நானே கூட்டிப் போகிறேன். அதுவரை தண்ணீர், மின்சார இணைப்புகளில் கை வைக்காதீர்கள்.

பணிக்கொடைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் அதன் கணக்கை நியாயமான அளவாக ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி செய்த ஆண்டுகளால் பெருக்குவது அந்த முறை. 7,500 ரூபாய்க்கும் 38 ஆண்டுகளுக்கும் 1,64,423 ரூபாய் வருகிறது. அத்துடன் 2020 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரை பிடித்த 30,000. மொத்தம் 1,94,423. இதை நன்கொடை என்றோ இரங்கல் உதவி என்றோ எழுதித் தந்தால் வாங்க மாட்டோம். ரசீதில் பணிக்கொடை, சம்பள பாக்கி என்று எழுதுங்கள்.

அப்பா 1987 முதல் 2025 வரை இந்த ஆலயத்தின் பணியாளராக இருந்தார் என்று ஒரு சான்று, பங்குத்தந்தையின் கையொப்பத்தோடும் முத்திரையோடும் தாருங்கள்.

ஆயர் அவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். மறைமாவட்டத்தின் எல்லாப் பங்குகளிலும் உள்ள கோயில்பிள்ளைகள், உபதேசியார்கள், துப்புரவு வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் எழுத்தில் நியமனம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு, மறைமாவட்டம் முழுவதற்கும் ஒரே குறைந்தபட்ச ஊதியம், ஒரு சேமநல நிதி, இறந்தால் அல்லது விலகினால் கணக்குத் தீர்க்கும் முறை ஆகியவற்றை ஆணையாக வெளியிடுங்கள். நலவாரிய விண்ணப்பங்களில் கையொப்பமிட மறுக்கக்கூடாது என்று எல்லாப் பங்குத்தந்தையருக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். கணவரின் வேலையைத் தொடரும் அந்த அம்மாவுக்கு முழுச் சம்பளம் இந்த மாதத்திலிருந்தே கிடைக்க வேண்டும். பெயரையும் பங்கையும் உங்களிடம் மட்டும், நேரில், அவருடைய சம்மதம் பெற்றுச் சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டுக் கமிட்டிக் கூட்டத்தின் பதிவேட்டில் கிரீடத்தைப் பற்றி எழுதிய பக்கத்தில், அது வேறிடத்தில் கிடைத்தது, கோயில்பிள்ளை மீது குற்றமில்லை என்று ஒரு வரி சேருங்கள். இதை நான் கேட்க வேண்டாம் என்று இருந்தேன். கல்லைப் பற்றிய தீர்மானமும் அதே பதிவேட்டில் ஏறும் என்று அறிந்த பிறகு கேட்கிறேன்.

இவை முடியும்வரை பளிங்குக் கல்லைப் பதிக்காதீர்கள். அம்மாவின் சம்மதம் அதற்கு இல்லை. கல் ஏற்கெனவே வெட்டக் கொடுத்தாகிவிட்டது என்றால் அந்தச் செலவை எங்கள் கணக்கில் கழிக்க முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனுவும், திருச்சபைச் சட்டப்படி ஆயர் அவர்களுக்கு முறையான மேல்முறையீடும் தயாராக இருக்கின்றன. முகவரி உங்களுக்குத் தெரியும். கோயிலின் பின்புறம், ஏணி சாய்த்து வைத்திருக்கும் வீடு.

இப்படிக்கு,
கோயில்பிள்ளையின் மூத்த மகள்